நாலு இடம் போதும் அண்ணே: ராமேஸ்வரம் ஆட்டோ, வேன் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராமேஸ்வரம் தீவில் ஆட்டோவும் வேனும் ஓட்டுகிற அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரத்துக்காரன். வெளியூரிலிருந்து உறவுக்காரர்களோ நண்பர்களோ வந்தால் தீவைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில்தான் விழும். சொந்த வண்டி கிடையாது, உங்கள் வண்டியில்தான் ஏறுகிறேன். அதனால் இதை அதிகாரி எழுதிய கடிதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்சீட்டில் உட்கார்ந்து வருகிறவன் எழுதியது.

விஷயம் அந்த அட்டையைப் பற்றி. ரயிலை விட்டோ பஸ்ஸை விட்டோ இறங்கியதும் உங்களில் யாராவது ஒருவர் லேமினேட் செய்த அட்டையை நீட்டுகிறீர்கள். ராமர் பாதம், ராமர் தீர்த்தம், லட்சுமணர் தீர்த்தம், சீதா தீர்த்தம், பஞ்சமுக ஆஞ்சநேயர், வில்லூண்டி தீர்த்தம், கலாம் வீடு, கலாம் நினைவிடம், நம்புநாயகி அம்மன், ஜடாயு தீர்த்தம், கோதண்டராமர் கோவில், தனுஷ்கோடி, அரிச்சல்முனை, பாம்பன் பாலம். ஒவ்வொன்றுக்கும் தபால்தலை அளவில் ஒரு படம். கீழே 'அரை நாள்' என்று எழுதி ஒரு தொகை. பக்கத்து வண்டிக்காரர் பதினாலு இடம் போட்டிருந்தால் நீங்கள் பதினாறு போடுகிறீர்கள். அவர் மறுநாள் பதினெட்டு ஆக்குகிறார்.

அரை நாள் என்றால் மிஞ்சிப்போனால் ஐந்து மணி நேரம். ஊரிலிருந்து தீவின் கடைசி நுனியான அரிச்சல்முனைக்குப் போய்த் திரும்பவே நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மிச்ச நேரத்தை அத்தனை இடத்துக்கும் பிரித்துப் போட்டால் ஒரு இடத்துக்கு எவ்வளவு தேறும்? நீங்களே சொல்லிவிடுகிறீர்களே, "பத்து நிமிஷம் சார், சீக்கிரம் வந்துருங்க" என்று. அந்தப் பத்து நிமிஷத்தில் செருப்பைக் கழற்றி மாட்டுவதே பாதியைத் தின்றுவிடும். போன தடவை என் பெரியம்மா கோதண்டராமர் கோவில் வாசலில் நின்று கடலைப் பார்த்து, "இங்கே கொஞ்சம் உட்காரலாமே" என்றார்கள். ஓட்டுநர் தம்பி ஹாரனை அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அட்டையில் இன்னும் ஆறு படம் பாக்கி இருந்தது, அவர் என்ன செய்வார்?

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையைக் கிழித்துப் போடுங்கள். அரை நாளுக்கு நாலு இடம் போதும். மீதி நேரம் முழுக்க ரோடும் கடலும் நீங்கள் சொல்லும் கதையும்தான். இப்படிச் செய்வது உங்கள் பிழைப்புக்கே நல்லது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

2017க்கு முன்னால் தனுஷ்கோடிக்கு உங்களை விட்டால் வழியே கிடையாது. தார் ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துபோகும். அதற்கப்புறம் ஈர மணலும் தண்ணீரும்தான். மீன் ஏற்றும் வேனில் ஆளை ஏற்றிக்கொண்டு நீங்கள் போன போக்கு இருக்கிறதே, அது தனிக் கலை. எந்த இடத்தில் மணல் இறுகி இருக்கும், எங்கே டயர் புதையும், தண்ணீர் ஏறும் நேரம் எது, எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். சென்னையிலிருந்து எவ்வளவு பெரிய காரில் வந்தவனும் அங்கே இறங்கி உங்கள் வேனில்தான் ஏறியாக வேண்டும்.

2017 ஜூலை 27ஆம் தேதி கலாம் நினைவிடத்தைத் திறந்த அன்றே அரிச்சல்முனை வரைக்கும் ரோட்டையும் திறந்தார்கள். சத்திரத்திலிருந்து முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர், வழவழப்பான ரோடு. அன்றோடு உங்கள் மணல் வித்தைக்கு வேலை போய்விட்டது. இப்போது கோயம்புத்தூர்க்காரர் தன் காரிலேயே நேராக முனைக்குப் போய், அசோகத் தூண் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். வழி காட்ட செல்போன் இருக்கிறது. அப்படியானால் உங்கள் வண்டியில் ஒருவர் எதற்காக ஏற வேண்டும்? செல்போன் சொல்லாத எதையாவது நீங்கள் சொன்னால்தானே ஏறுவார்?

உங்களிடம் சொல்ல எக்கச்சக்கமாக இருக்கிறது. நீங்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான். அட்டைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இது உங்கள் தொழிலின் குலப்பெருமை. அப்துல் கலாமின் அப்பா ஜைனுலாப்தீன், ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிப்போக மரத்தில் ஒரு படகு கட்டி ஓட்டினார். பின்னால் ஒரு புயலில் அது போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், நீங்கள் இன்றைக்குச் செய்கிற அதே சவாரி. நீங்களோ கலாம் வீட்டை வெளியிலிருந்து காட்டிவிட்டு "உள்ளே மியூசியம் இருக்கு, பத்து நிமிஷம்" என்கிறீர்கள். அந்தக் குடும்பம் நம்ம லைன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்கார மாட்டாரா?

சரி, நான் கேட்கிற அரை நாள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாத வழி எதுவும் இதில் இல்லை. வரிசையை மட்டும் மாற்றுகிறேன்.

காலையில் இருட்டு விலகும்போதே கிளம்ப வேண்டும். காலைச் சாப்பாட்டை முடித்து ஒன்பது மணிக்குக் கிளம்பினால், முனையில் வண்டி திருப்பவே அரை மணி நேரம் ஆகிறது. லீவு நாளில் கேட்கவே வேண்டாம். சோதனைச் சாவடியில் வண்டிகளை விட ஆரம்பித்ததும் முதல் வண்டிகளோடு போய்விட்டால் முனையில் கூட்டம் இல்லை, வெயில் இல்லை, கடலைப் பார்க்க இடமும் இருக்கிறது. வழியில் எங்கேயும் நிறுத்தாமல் முதலில் கடைசிக்கே போய்விடுங்கள். இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. திரும்பி வரும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கடலின் நிறம் அப்போதுதான் சரியாகத் தெரியும். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம் என்று நீங்கள் சொல்வதை அந்த வெளிச்சத்தில் ஆளுக்கு ஆள் கண்ணால் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் இரண்டும் கண்ணைக் கூசும் வெள்ளிதான்.

முனையில் சொல்கிற சங்கதிகளில் சிலதைத் திருத்த வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். "இந்தப் பக்கம் வங்காள விரிகுடா, அந்தப் பக்கம் இந்தியப் பெருங்கடல்" என்று பலர் சொல்கிறீர்கள். வடக்கே இருப்பது பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அப்புறம் "அதோ தெரியுதே, அதுதான் இலங்கை". இல்லை அண்ணே. தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, தரையும் தாழ்வான தரை. கரையில் நின்று பார்த்தால் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது மணல் திட்டோ, படகோதான். ஆனால் அந்த மணல் திட்டுகளின் கதை இலங்கை தெரிவதைவிடப் பெரிய கதை. ராமர் பாலம் என்று பக்தர்கள் கும்பிடுவதும் ஆதாம் பாலம் என்று பழைய வரைபடங்கள் குறிப்பதும் இந்தத் திட்டுத் தொடரைத்தான். 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்கள் இந்தக் கரையோரம்தான் வந்து இறங்கினார்கள். 2022 மார்ச்சில் அங்கே விலைவாசி தாங்க முடியாமல் வந்தவர்களைப் படகுக்காரர்கள் இப்படி ஒரு திட்டில்தான் இறக்கிவிட்டுப் போனார்கள், கைக்குழந்தையோடு. நம் ஆட்கள் போய்த்தான் கூட்டிவந்தார்கள். இதெல்லாம் உங்கள் கண்முன்னால் நடந்தது. செல்ஃபி எடுப்பவரிடம் இதை ஒரு நிமிஷம் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் ஆண் கடல், பெண் கடல் கதை எனக்குப் பிடிக்கும். தெற்கே மன்னார் வளைகுடா முரட்டு ஆண், வடக்கே பாக் கடல் சாது பெண். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், அதோடு விட்டுவிடுவீர்கள். அது பாதிக் கதைதான் என்று உங்களுக்கே தெரியும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் அப்படியே தலைகீழ். வடக்குக் கடல் எழும்பி அடிக்க, தெற்கு அடங்கிவிடும். நடுவில் ஓடும் அந்தக் குறுகிய ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் தலையைத் திருப்பினால் எந்தப் பருவம் என்று தெரிந்துவிடும். இப்படி ஒரு ரோடு இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறது? வண்டியை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, முதலில் வலது பக்கம் ஒரு நிமிஷம், பிறகு இடது பக்கம் ஒரு நிமிஷம் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு அலைச் சத்தமும் வேறு வேறு. இதைப் பதினெட்டு படத்தில் எதிலும் போட முடியாது.

அலை சாதுவாகக் கிடக்கிறதே என்று யாராவது முனையில் குளிக்க இறங்கினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அங்கே நீரோட்டம் எப்படி இழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், போர்டு வைத்தும் ஆள் கேட்பதில்லை. "சார், இறங்கினா நான் கிளம்பிருவேன்" என்று சொன்னால் கேட்பார்கள்.

அடுத்தது தனுஷ்கோடி. இங்கேதான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். "பேய் நகரம் சார், ஆறு மணிக்கு மேல யாரும் இருக்க மாட்டாங்க" என்று நீங்கள் பயம் காட்டும்போது, நூறடி தள்ளி ஒரு அம்மா ஓலைக் குடிசைக்கு முன்னால் மீன் காயப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பேயா? 1964 புயலுக்குப் பிறகு குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது சரிதான். ஆனாலும் மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து இன்றைக்கும் அங்கே பிழைக்கின்றன. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. உங்களில் சிலருடைய சொந்தக்காரர்களே அங்கே கரைவலை இழுக்கிறார்கள். வெளியூர்க்காரன் பேய் என்று எழுதினால் எழுதட்டும். நீங்கள் சொல்லலாமா?

புயல் கதையையும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி. அந்தமான் பக்கம் உருவாகி, இலங்கையைக் குறுக்கே தாண்டி வந்த புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் கடல் ஏறி அடித்தது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. இதுவரைக்கும் எல்லோரும் சொல்வீர்கள். அதற்கு முன்னால் அந்த ஊர் என்னவாக இருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 1914லிருந்து சென்னை எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்து, போட் மெயில் ரயிலில் வந்து, இந்தத் துறையில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர்கள், வியாபாரத்துக்குப் போனவர்கள், கல்யாணத்துக்குப் போனவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான். சுங்க ஆபீஸ், தபால் ஆபீஸ், ஆஸ்பத்திரி என்று எல்லாம் இருந்த துறைமுக ஊர். இன்றைக்கு நிற்கிற அந்த ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் தூண்களைக் காட்டும்போது இதைச் சொல்லுங்கள். வந்தவர் தஞ்சாவூர்க்காரரோ சிவகங்கைக்காரரோ என்றால் அவர் தாத்தா யாராவது இங்கே கப்பலேறியிருக்க வாய்ப்புண்டு. கேட்டுப் பாருங்கள், அவர் உங்களுக்கு ஒரு கதை சொல்வார்.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் சர்ச்சுக்குள் எல்லோரும் நேராக நடுவில் போய் நின்று போட்டோ எடுக்கிறார்கள். சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தெரிகிறதல்லவா, அது மலைக்கல் இல்லை. கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறை. கிட்டத்தில் பார்த்தால் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசை கட்டி நிற்கும். சில கல்லில் பூ விரிந்த மாதிரி கோடுகள், சிலதில் மூளை மடிப்பு மாதிரி வளைவுகள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு காலத்தில் ஒரு உயிர் இருந்தது. விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், அழுத்தித் தேய்த்தால் பொடி உதிரும், ஆகவே தடவுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கடலிலிருந்து எடுத்த கல்லால் கட்டிய ஊரைக் கடலே எடுத்துக்கொண்டது என்று ஒரு பெரியவர், உங்களில் ஒருவர்தான், ஒருமுறை என்னிடம் சொன்னார். அவர் அட்டை வைத்திருக்கவில்லை.

பவளம் என்றதும் ஞாபகம் வருகிறது. சர்ச் பக்கத்தில் இருக்கும் சங்கு, சிப்பிக் கடைகளில் வாங்கட்டும், அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் கரையில் கிடக்கும் பவளத்துண்டைப் பொறுக்கிப் பையில் போடுவதைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள், பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. வழியில் பிடித்தால் மாட்டுவது பயணிதான். அதேபோல் உங்களுக்குக் கமிஷன் தருகிற கடை ஒன்றுக்கு நான் கேட்காமலே கூட்டிப்போய் இருபது நிமிஷம் நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும். கடல் பார்க்கப் பத்து நிமிஷம், கடை பார்க்க இருபது நிமிஷமா? கமிஷனை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள், அவ்வளவுதான்.

கரைவலை இழுப்பது தென்பட்டால் அதையே ஒரு இடமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவில் டிக்கெட் இல்லாமல் பார்க்கக்கூடிய ஆகப் பெரிய காட்சி அது. படகில் வலையைக் கொண்டுபோய் அரை வட்டமாக விரித்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து நடந்து இழுப்பார்கள். முதலில் கயிறு மட்டும்தான் வரும். வரவர இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கும். கடைசியில் மீன் சேர்ந்த வலை மடி கரையைத் தொடும்போது மட்டும் எல்லோருக்கும் ஓட்டம் பிடிக்கும். சூடையும் காரலும் துள்ளுவதைப் பார்த்த பிள்ளை அதற்கப்புறம் வேறு எதையும் பற்றிப் பேசாது. இழுக்கிறவர்களிடம் கேட்டுக்கொண்டு பயணிகளையும் கயிற்றில் கை வைக்கச் சொல்லலாம். உள்ளங்கை எரியும்போதுதான் மீன் விலை ஏன் அவ்வளவு என்று தெரியும். அங்கேயே பொரித்த மீன் சாப்பிட்டு நாலு காசு கொடுத்துவிட்டு வருவார்கள்.

அங்கே குடிநீர் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் காட்டுங்கள். இரண்டு பக்கமும் உப்புக் கடல், நடுவில் மணலைக் கையளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவோடு மேலாக மொண்டால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். தங்கச்சிமடத்துப் பக்கம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் வருவதும் நிலத்தடியில் இப்படித் தங்கிய மழைத் தண்ணீரால்தான். சீதைக்குத் தாகம் தீர்க்க ராமர் வில்லை ஊன்றிய இடம் என்ற கதையையும் சொல்லுங்கள், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று மற்றதைக் கெடுக்காது. எங்கள் பெரியம்மாவுக்கு இரண்டும் வேண்டும்.

திரும்பும் வழியில் மூன்றாவது நிறுத்தம் கோதண்டராமர் கோவில். விபீஷணன் ராமரிடம் சரணடைந்த இடம் என்பது ஐதீகம். 64 புயலில் சுற்றுவட்டாரம் எல்லாம் போனபோதும் இது நின்றது. சாமி கும்பிட்டு முடித்ததும் வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். கோவிலைச் சுற்றிக் கிடக்கும் ஆழமில்லாத நீர்ப்பரப்பைப் பாருங்கள். பனிக்காலத்தில் பூநாரைகள் அங்கேதான் மேய்கின்றன. 2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடு. உற்றுப் பார்த்தால் கோட்டுக்குக் கால் இருக்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சேற்றை வடிகட்டித் தின்னும். இறக்கையை விரித்தால் மட்டும் அந்தச் சிவப்பு தெரியும்.

அதைப் பார்ப்பதற்காக ஹாரன் அடித்துக் கிளப்பிவிடுகிற வேலை மட்டும் வேண்டாம். "பறக்கும்போதுதான் சார் அழகு" என்று கையைத் தட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவை நெடுந்தூரம் பறப்பதற்குத்தான் இங்கே தின்று தேறுகின்றன. நாளைக்கு நாலு வண்டி நாலு தடவை கிளப்பினால் அடுத்த வருஷம் வேறு இடம் பார்த்துக்கொள்ளும், உங்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஒரு வண்டிக்கு ஒரு பைனாகுலர் வாங்கி வையுங்கள். இரண்டு சவாரிக் காசு. அது இருக்கிற வண்டி என்று தெரிந்தால் ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

மாசி, பங்குனியில் வந்தால் ஆமையும் உண்டு. பங்குனி ஆமை தனுஷ்கோடிக் கரையில் முட்டையிடும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. என்றைக்கு விடுகிறார்கள் என்று வனத்துறை ஆட்களிடம் முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சு தட்டுத் தடுமாறி அலையை நோக்கிப் போவதைப் பார்த்த குடும்பம், ஊருக்குப் போய் உங்கள் போன் நம்பரைப் பத்துப் பேருக்குக் கொடுக்கும்.

நாலாவது பாம்பன். பாலத்தின் நடுவில் நிறுத்த வேண்டாம், அது எல்லோருக்கும் தொல்லை, போலீஸும் விரட்டுகிறது. ஒரு முனையில் இறக்கிவிட்டு மறு முனையில் காத்திருங்கள், நடைபாதையில் நடந்து வரட்டும். இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், முடியாதவர்கள் பாதியோடு திரும்பட்டும். இந்த ரோட்டுப் பாலமே 1988ல் வந்ததுதான். அதுவரைக்கும் ரயில் அல்லது படகு. 1914ன் பழைய ரயில் பாலம், ஆட்கள் நின்று கையால் சுற்றித் திறந்து கப்பலுக்கு வழிவிட்டது. 64 புயலில் அதன் பெரும்பகுதி கடலில் விழுந்தபோது 46 நாளில் தூக்கி நிறுத்தியவர் ஈ. ஸ்ரீதரன், பிற்பாடு டெல்லி மெட்ரோவைக் கட்டியவர். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. கப்பல் போகும் நாளாக இருந்தால் அதிர்ஷ்டம். நேரம் மிச்சமிருந்தால் குந்துகால் பக்கம் ஒரு எட்டு போகலாம். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று காலடி வைத்த இடம், ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி போய் வரவேற்றார். அங்கே கூட்டமும் குறைவு.

அப்படியானால் ராமர் பாதமும் பஞ்சமுக ஆஞ்சநேயரும் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். தீர்த்தங்களும் கோவில்களும் ஊருக்குள்ளேயும் ஊரை ஒட்டியும்தான் இருக்கின்றன. அவற்றுக்குச் சாயங்காலம் தனியாக ஒரு சின்னச் சுற்று போடுங்கள். வயசானவர்களுக்கு வெயில் தாழ்ந்த நேரம் அதுவே வசதி, உங்களுக்கும் ஒரே ஆளிடம் இரண்டு சவாரி. பக்தியையும் கடலையும் ஒரே மூட்டையில் கட்டி இரண்டையும் நசுக்க வேண்டாம் என்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். மெதுவாகப் போனால் இரண்டாவது சவாரி போய்விடும். பக்கத்து வண்டி குறைந்த காசுக்குக் கூப்பிடுகிறது. முனையில் நிழலும் கிடையாது, உருப்படியான கழிப்பறைக்கும் அலைய வேண்டியிருக்கிறது, பெண் பயணிகள் சீக்கிரம் திரும்பலாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுற்றுலாத் துறையிடமும் நகராட்சியிடமும் இதை நீங்கள் சங்கமாகப் போய்க் கேட்டால் நானும் கையெழுத்துப் போட வருகிறேன். ஆனால் விலைப் போட்டிக்கு வழி, இடத்தின் எண்ணிக்கையைக் கூட்டுவது இல்லை. இடத்துக்கு இவ்வளவு என்ற கணக்கை விட்டு மணிக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். ஐந்து மணி நேரத்துக்கு இவ்வளவு, கூட ஒரு மணி நேரம் ஆனால் இவ்வளவு என்று சொல்லிவிட்டால் நீங்களும் கடிகாரத்தைப் பார்த்து ஹாரன் அடிக்க வேண்டியதில்லை, நாங்களும் பயந்து பயந்து இறங்க வேண்டியதில்லை. இப்போது கொடுப்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்க நான் தயார். என் வீட்டுக்கு வருகிறவர்களும் தயார், கேட்டுத்தான் சொல்கிறேன்.

சங்கத்தில் பேசி இரண்டு மூன்று வண்டியாவது இப்படி ஓட்டிப் பாருங்கள். தை பிறந்ததும் பெங்களூரிலிருந்து என் தங்கை குடும்பம் வருகிறது, பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இரண்டு பேர். காலை ஐந்தரைக்கு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்போம். அட்டை இல்லாத வண்டியில்தான் ஏறுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பின்சீட்டுப் பயணி ஒருவன்,
ராமநாதபுரம்.